டொன்சிச் கைமாறிய ஆண்டு: வாசகர் கேள்வி–பதில்

2024 ஒக்டோபரில் தொடங்கிய அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட ஆண்டைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். ஆண்களுக்கான என்.பி.ஏ., பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. ஆகிய தொழில்முறைப் போட்டிகளோடு, என்.சி.ஏ.ஏ. நடத்தும் பல்கலைக்கழகப் போட்டிகளும் இதில் அடங்கும்.

கேள்வி: முந்திய ஆண்டு தன் அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுசென்ற லூகா டொன்சிச்சை டலஸ் மெவரிக்ஸ் ஏன் கைவிட்டது? எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: உங்கள் வீட்டில் மட்டுமல்ல, டலஸ் நகரத்திலும் அது ஓயவில்லை. 2025 பெப்ரவரி 2ஆம் திகதி, நமக்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அந்தச் செய்தி வெளியானபோது யாரோ செய்தியாளரின் கணக்கைக் களவாடி விளையாடுகிறார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். 25 வயதில், ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக என்.பி.ஏ.யின் முதல்தர ஐவரில் ஒருவராகத் தெரிவான ஒரு வீரரை, அவர் கேட்காமலே, ஏனைய அணிகளுக்கு அறிவித்து விலை கூட்டிப் பார்க்காமலே, இரகசியமாக லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு டலஸ் பெற்ற முக்கியமானவை அந்தனி டேவிஸ், மெக்ஸ் கிறிஸ்டி என்ற இளம் வீரர், 2029ஆம் ஆண்டுக்குரிய ஒரு முதற்சுற்றுத் தெரிவு உரிமை (ஆண்டுதோறும் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஆகியவையே.

அணியின் பொது முகாமையாளர் நிக்கோ ஹரிசன் சொன்ன காரணம், சம்பியன் பட்டத்தைத் தருவது தடுப்பாட்டம் என்பதாகும். டேவிஸ் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்பதிலும், டொன்சிச் அப்படியல்லர் என்பதிலும் சந்தேகமில்லை. சொல்லப்படாத காரணங்களும் இருந்தன. டொன்சிச் 2024 கிறிஸ்மஸ் நாளில் கெண்டைக்கால் தசையில் காயமடைந்து ஓய்வில் இருந்தார். அவருடைய உடற்கட்டுப்பாடு பற்றிய முணுமுணுப்பு அணிக்குள் நெடுநாளாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, டலஸில் தொடர்ந்திருந்தால் அந்தக் கோடையில் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 345 மில்லியன் டொலர் பெறும் ஒப்பந்தத்துக்கு அவர் உரியவராகியிருப்பார். அந்தத் தகுதி தான் தெரிவாகி வளர்ந்த அணியில் நீடிப்பவருக்கே உண்டு. அணி மாறியதும் அது அற்றுப்போனது. அத்தனை பெருந்தொகையை ஒரே உடலில் முதலிடத் தயங்கினார்கள் என்று கொண்டால் கணக்கு ஓரளவு விளங்குகிறது.

ஆனால் அதே தர்க்கத்தின்படி, காயங்களுக்குப் பேர்போனவரும் 32 வயதை எட்டிக்கொண்டிருந்தவருமான டேவிஸை வாங்கியது எப்படி நியாயமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. டலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்தார். மார்ச் 3ஆம் திகதி அணியின் மற்றொரு நட்சத்திரமான கைரி இர்விங்கின் முழங்கால் மூட்டுத் தசைநார் அறுந்தது. 39 வெற்றி, 43 தோல்வி என்று பருவகாலத்தை முடித்த அணி, பட்டத்துக்கான பிளேஓப் சுற்றுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி லேக்கர்ஸ் சீருடையில் டலஸ் அரங்குக்குத் திரும்பிய டொன்சிச் 45 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸும் முதற் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4–1 எனத் தோற்றதை உங்கள் வீட்டில் மறுதரப்பு வாதிடுபவர் நினைவூட்டலாம், அதற்கும் இடங்கொடுங்கள். ஹரிசன் 2025 நவம்பரில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

கேள்வி: டொன்சிச்சை விட்டுக்கொடுத்த அதே டலஸுக்கு மூன்று மாதத்தில் முதல் தெரிவு உரிமை கிடைத்ததே! இந்த லொத்தரை யாராவது நம்புவார்களா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: நான் நம்புகிறேன். பிளேஓப் சுற்றுக்குச் செல்லாத 14 அணிகளுக்கிடையே இந்தக் குலுக்கல் நடக்கிறது. 1 முதல் 14 வரை இலக்கமிட்ட பந்துகளிலிருந்து நான்கு எடுக்கப்படுகின்றன. வரிசையைப் பொருட்படுத்தாவிட்டால் இதில் 1,001 சேர்க்கைகள் சாத்தியம். ஒன்றை ஒதுக்கி, மிகுதி 1,000 சேர்க்கைகளும் அணிகளுக்கு முன்கூட்டியே பகிர்ந்தளிக்கப்படுகின்றன. கடைசி மூன்று இடங்களில் உள்ள அணிகளுக்குத் தலா 140 சேர்க்கைகள். டலஸிடம் இருந்தவை 18. அதாவது 1.8 வீதம். 2008இல் சிக்காகோ 1.7 வீத வாய்ப்போடுதான் முதலிடம் பெற்றது, 2014இல் கிளீவ்லாந்தும் அப்படியே. ஆண்டுதோறும் குலுக்கினால் எப்போதாவது அரிதானதும் விழத்தான் செய்யும்.

வெற்றியில்லாத அணிக்குக் கைகொடுப்பதற்காக ஏற்பட்ட முறை இது என்பதை நினைத்தால், 17 ஆட்டங்களில் மட்டும் வென்ற யூட்டா ஐந்தாம் தெரிவுக்குத் தள்ளப்பட்டதுதான் உண்மையான அநியாயம். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 2019இல் கடைசி மூன்று அணிகளின் வாய்ப்பைச் சமப்படுத்தினார்கள். அதன் விலையை அந்த ஆண்டு யூட்டா செலுத்தியது. டலஸ், டியூக் பல்கலைக்கழகத்தின் 18 வயது கூப்பர் பிளாக்கைத் தெரிவுசெய்தது.

கேள்வி: மார்ச் மாதப் பல்கலைக்கழகப் போட்டியின் சுவையே பெயர் தெரியாத சிறிய அணி பெரியதை வீழ்த்துவதுதான் என்று என் அண்ணா சொல்வார். அவர் சொல்லித்தான் 2025 போட்டியைப் பார்க்கத் தொடங்கினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லையே? (மாணவி, கொள்ளுப்பிட்டி)

பதில்: உங்கள் அண்ணா சொன்னது சரி, நீங்கள் பார்க்கத் தொடங்கிய ஆண்டுதான் மாறிப்போன ஆண்டு. தோற்றால் வெளியேற்றம் என்ற முறையில் 68 அணிகள் மோதும் இந்தப் போட்டியில், நான்கு பிரிவுகளின் முதல்நிலை அணிகளான ஓபர்ன், டியூக், ஹூஸ்டன், புளோரிடா ஆகிய நான்குமே அரையிறுதிக்கு வந்தன. அது 2008இல் ஒரே ஒரு தடவை மட்டும் நடந்திருந்தது. கடைசி 16 அணிகளையும் எடுத்துக்கொண்டால், அவை அனைத்தும் பணபலமிக்க நான்கு பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஏழு தென்கிழக்குக் கூட்டமைப்புக்குரியவை. முதற்சுற்றில் மெக்னீஸ் போன்ற சிறிய அணி கிளெம்சனை வீழ்த்தியது உண்மை. ஆனால் அடுத்த சுற்றோடு அந்தக் கதைகள் முடிந்துவிட்டன.

காரணத்தைத் தேடிப் பெருந்தூரம் போக வேண்டியதில்லை. சம்பியனான புளோரிடாவின் வீரர் பட்டியலைப் பார்த்தால் போதும். அந்த அணியின் நாயகன் வோல்ட்டர் கிளேட்டன் தம் பல்கலைக்கழக வாழ்வை அயோனா என்ற சிறிய நிறுவனத்தில் தொடங்கியவர். வில் ரிச்சர்ட் பெல்மொண்டிலிருந்து வந்தவர். அலைஜா மார்ட்டின், 2023இல் யாரும் எதிர்பாராமல் அரையிறுதியை எட்டிய புளோரிடா அட்லாண்டிக் அணியில் ஆடியவர். பத்து ஆண்டுகளுக்கு முன்பாக இருந்திருந்தால் இந்த மூவரும் தத்தம் சிறிய அணியிலேயே நான்காம் ஆண்டு வரை முதிர்ந்து, ஒரு மார்ச் மாதத்தில் ஏதோவொரு பெரிய பெயரைக் கவிழ்த்திருப்பார்கள். இப்போது அவர்கள் பெரிய பெயரின் சீருடையை அணிந்திருக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு இரண்டு கதவுகள் திறந்தன. 2021 ஜூலை முதல், பல்கலைக்கழக வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. அதே ஆண்டில், முதல் தடவை பல்கலைக்கழகம் மாறும் வீரர் ஓராண்டு வெளியே இருக்க வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது. பின்னர் நீதிமன்ற வழக்குகளால் அந்தக் கட்டுப்பாடு முற்றாகவே கரைந்தது. ஆக, சிறிய அணியில் ஒருவர் நன்றாக ஆடினால், அடுத்த ஏப்ரலிலேயே பெரிய அணி பணத்தோடு வந்து அழைக்கும். 2022இல் நியூ ஜேர்சியின் செயின்ட் பீற்றர்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம் தன் பிரிவின் தரவரிசையில் 15ஆம் நிலையிலிருந்து கடைசி எட்டு அணிகள் வரை வந்து உலகையே வியக்கவைத்தது. சில வாரங்களுக்குள் அதன் பயிற்றுவிப்பாளரும் முக்கிய வீரர்கள் பலரும் வேறிடம் போய்விட்டார்கள்.

இதை நான் வீரர்களின் பேராசை என்று எழுத மாட்டேன். பயிற்றுவிப்பாளர்கள் மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் இடம்மாறிய காலத்தில், 20 வயது வீரர் மட்டும் விசுவாசத்தின் பேரில் இலவசமாக ஆட வேண்டும் என்று எதிர்பார்த்தது பெருந்தவறு. 2025 ஜூன் 6ஆம் திகதி கலிபோர்னியாவில் நீதிபதி குளோடியா வில்கன் அங்கீகரித்த இணக்கத் தீர்வின்படி, கடந்த காலத்துக்கான இழப்பீடாக வீரர்களுக்கு ஏறத்தாழ 2.8 பில்லியன் டொலர் வழங்கப்பட வேண்டும். 2025 ஜூலை முதலாம் திகதியிலிருந்து, இந்தத் தீர்வில் இணையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம் என்றானது, முதலாண்டுக்கான உச்சவரம்பு 20.5 மில்லியன் டொலர். நீதி கிடைத்திருக்கிறது, அந்த நீதியின் செலவைச் சிறிய பல்கலைக்கழகங்கள் சுமக்கின்றன. இரண்டையும் ஒருசேரச் சொல்லாமல் இந்த ஆண்டைப் பற்றிப் பேச முடியாது.

போட்டி சுவையற்றது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அரையிறுதியில் கடைசி எட்டு நிமிடம் வரை 14 புள்ளிகள் பின்தங்கியிருந்த ஹூஸ்டன், டியூக்கை 70–67 என வென்றது. அதில் கடைசி ஒன்பது புள்ளிகளை ஒரு நிமிடத்துக்குள் எடுத்தது. இரண்டு நாள் கழித்து அதே ஹூஸ்டன் 12 புள்ளி முன்னிலையைத் தொலைத்துப் புளோரிடாவிடம் 65–63 எனத் தோற்றது. கிளேட்டன் முதற்பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் கடைசி நொடிகளில் ஹூஸ்டன் வீரர் எறியத் துள்ளியபோது எதிரே பாய்ந்து வந்தவர் அவர்தான். எறிய முடியாமல் பந்தைக் கீழே விட்ட அந்த ஹூஸ்டன் வீரர், விதிப்படி தானே அதைத் தொட முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்க நேரம் முடிந்தது.

கேள்வி: இறுதி ஆட்டங்களை நேரடியாகப் பார்க்க இரவு முழுதும் விழித்திருக்க வேண்டுமா? (வாசகர், மோதரை)

பதில்: தேவையில்லை, அதிகாலையில் எழுந்தால் போதும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8.30க்குத் தொடங்கும் ஆட்டம் கோடையில் நமக்குக் காலை 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி. மேற்குக் கரை ஆட்டங்கள் பாடசாலை, அலுவலக நேரத்தில் விழுவதால் அவற்றுக்கு வழி சொல்ல நான் விரும்பவில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். கூடைக்கு அருகே புகுந்து ஆடுவதைத்தான் நாங்கள் கற்பித்தோம். இப்போது எல்லோரும் தூரத்தில் நின்று எறிகிறார்கள். இது விளையாட்டா? (வாசகர், தெஹிவளை)

பதில்: ஐயா, இது விளையாட்டுத்தான், கணிதம் சற்று முன்னால் வந்து நிற்கும் விளையாட்டு. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நூறு தடவை எறிந்து 36 விழுந்தால் 108 புள்ளிகள். கோட்டுக்கு உள்ளே, இடைத்தூரத்திலிருந்து 42 விழுந்தாலும் 84 புள்ளிகள்தான். இந்த வித்தியாசத்தை அணிகள் கண்டுகொண்டதால், 2024-25இல் ஓர் அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக 37க்கும் மேற்பட்ட மூன்று புள்ளி எறிகைகளை முயன்றது. பொஸ்டன் செல்ட்டிக்ஸ் ஒருபடி மேலே போய், பருவகாலம் முழுவதும் இரண்டு புள்ளி எறிகைகளைவிட மூன்று புள்ளி எறிகைகளையே அதிகம் எறிந்தது.

உங்களுக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. நடப்புச் சம்பியனாக வந்த அதே பொஸ்டன், நியூயோர்க் நிக்ஸ் அணிக்கெதிரான தொடரின் முதல் ஆட்டத்தில் 60 மூன்று புள்ளி எறிகைகளில் 45ஐத் தவறவிட்டு, 20 புள்ளி முன்னிலையையும் இழந்து தோற்றது. அடுத்த ஆட்டத்திலும் அதேயளவு முன்னிலையை இழந்தது. இறுதியில் பட்டம் வென்ற ஒக்லஹோமா சிட்டி தண்டர், எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதில் வல்லது. அதன் தலைவன் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் நீங்கள் கற்பித்தபடியே உள்ளே புகுந்து, நின்று, இடைத்தூரத்திலிருந்து எறிபவர். ஆட்டத்துக்கு 32.7 புள்ளிகள் என்ற சராசரியோடு, அதிகூடிய சராசரி, பருவகாலத்தின் சிறந்த வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் பெற்றார். அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் கரீம் அப்துல்-ஜபார், மைக்கேல் ஜோர்டான், ஷக்கீல் ஓ'நீல் ஆகிய மூவர் மட்டுமே.

கேள்வி: இந்தியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹலிபர்ட்டன் காயத்தோடு என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஆடியிருக்க வேண்டுமா? அவர் இருந்திருந்தால் இந்தியானா வென்றிருக்குமா? (வாசகர், வத்தளை)

பதில்: ஜூன் 23 திங்கட்கிழமை அதிகாலையில் அதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை 0.3 வினாடி எஞ்சியிருக்க எறிந்து வென்றுகொடுத்தவர் ஹலிபர்ட்டன். ஐந்தாவது ஆட்டத்தில் கெண்டைக்கால் தசை இழுபட்டது. ஏழாவது ஆட்டத்தின் முதற் காற்பகுதியிலேயே மூன்று மூன்று புள்ளி எறிகைகளால் ஒன்பது புள்ளிகள் எடுத்தபின், யாரும் மோதாமலே விழுந்தார். குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. அவரில்லாமலே இந்தியானா இடைவேளையின்போது 48–47 என முன்னிலையில் இருந்ததை வைத்துப் பார்த்தால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு ‘வென்றிருக்கலாம்’ என்று துணிந்து சொல்வேன். மூன்றாம் காற்பகுதியில் தண்டர் விலகிச்சென்று, 103–91 என முடித்தது.

முதற் கேள்வி கடினமானது. கெண்டைத் தசையும் குதிகால் தசைநாணும் ஒரே தொடர். தசை பலவீனப்பட்டால் பாரம் நாணில் ஏறக்கூடும் என்ற அச்சம் மருத்துவர்களிடம் உண்டு. 2019 இறுதித் தொடரில் கெவின் டுரண்டுக்கும் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பிய ஆட்டத்திலேயே இதுதான் நேர்ந்தது. ஆனாலும் ஒரு வீரர் வாழ்நாளில் ஒரே தடவை காணக்கூடிய ஆட்டத்தின்போது அவரை வெளியே உட்காரச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அந்த பிளேஓப் சுற்றில் மில்வோக்கியின் டேமியன் லில்லார்ட், பொஸ்டனின் ஜேசன் டேட்டம் ஆகியோருக்கும் இதே நாண் அறுந்தது. மூவரும் அணிந்திருந்தது பூச்சியம் இலக்கச் சீருடை என்பதை வைத்துச் சிலர் சோதிடம் பேசினார்கள். 82 ஆட்டங்களும் அதன்மேல் பிளேஓப் சுற்றும் ஆடும் உடல்களைப் பற்றிப் பேசுவது பயனுள்ளதாக இருக்கும்.

கேள்வி: என் மகள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் இருக்கிறாள். உயரமானவள். அமெரிக்காவில் பெண்களுக்குப் பெரும் பணம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டுக் கூடைப்பந்தாட்டத்துக்கு மாற விரும்புகிறாள். அனுமதிக்கலாமா? (தாய், பம்பலப்பிட்டி)

பதில்: மாற்றம் அவ்வளவு தூரமானதன்று. வலைப்பந்தாட்டமே கூடைப்பந்தாட்டத்திலிருந்து இங்கிலாந்தில் கிளைத்தது. இரண்டிலும் வளையம் இருப்பது 3.05 மீற்றர் உயரத்தில்தான். வலைப்பந்தாட்ட வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர், பின்பலகையும் கிடையாது. கூடைப்பந்தாட்டத்தில் அது 45 சென்ரிமீற்றர், பலகையும் உதவும். ஆகவே உங்கள் மகள் குறிபார்ப்பதில் மற்றப் பிள்ளைகளைவிட முன்னால் நிற்பாள். புதிதாகக் கற்க வேண்டியவை பந்தைத் தரையில் தட்டியபடி ஓடுவதும், உடலோடு உடல் முட்டும்போது தடுமாறாமல் நிற்பதும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் 2018இலும் 2022இலும் இலங்கைக்கு ஆசியப் பட்டம் வென்றுகொடுத்தது வலைப்பந்தாட்டத்தில்தான் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். உயரமான பெண்ணுக்கு நம் நாட்டில் தெளிவான பாதை உள்ள விளையாட்டு அதுவே.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரே நகரப் பகுதியில் ஒரே ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். 2025இல் டலஸ் மெவரிக்ஸ் முதல் தெரிவாக எடுத்த கூப்பர் பிளாக்கின் முதலாண்டுச் சம்பளம் ஏறத்தாழ 13.8 மில்லியன் டொலர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு அதன் 12ஆவது தேசியப் பட்டத்தை வென்றுகொடுத்துவிட்டு, டலஸ் விங்ஸ் பெண்கள் அணியின் முதல் தெரிவாகச் சென்ற பேஜ் பெக்கர்ஸின் முதலாண்டுச் சம்பளம் 78,831 டொலர். ஆண்களின் போட்டி பன்மடங்கு வருமானம் ஈட்டுவது உண்மை. ஆனால் அந்த வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வீரர்களுக்குச் செல்கிறது, பெண்களுக்கோ 2025இல் தங்கள் போட்டி ஈட்டியதில் அதைவிட மிகச் சிறிய பங்குதான் கிடைத்தது. 2025 ஜூலையில் நட்சத்திர ஆட்டத்துக்கு முன் வீராங்கனைகள் ‘எங்களுக்குரியதைக் கொடுங்கள்’ என்ற வாசகம் பொறித்த உடையோடு அரங்கில் இறங்கினார்கள். நான்காவது தடவையாகச் சிறந்த வீராங்கனை விருதை வென்று எவரும் எட்டாத இடத்தை எட்டிய ஏஜா வில்சன், அதே ஆண்டு லாஸ் வேகஸ் ஏசஸ் அணிக்கு நான்கு ஆண்டுகளில் மூன்றாவது பட்டத்தையும் பெற்றுக்கொடுத்தார். அப்படிப்பட்டவர்கள் கேட்கும்போது அது சலுகை கேட்பதாகாது.

உங்கள் மகள் எண்ணிப் பார்க்கத்தக்கது பல்கலைக்கழகப் புலமைப்பரிசில். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டத்துக்குப் பின் பெண்கள் அணிகளுக்குக் கதவு திறந்தது. முதல்நிலைப் பிரிவில் ஆட, குறித்த 16 பாடநெறிகளும் குறைந்தபட்சப் பெறுபேறும் தேவை, ஆகவே க.பொ.த. பெறுபேறுகளைப் பயிற்சிக்காகப் பலியிட வேண்டாம். மேலே சொன்ன விளம்பரப் பணத்தையோ பல்கலைக்கழகம் நேரடியாகக் கொடுக்கும் பணத்தையோ கணக்கில் சேர்க்காதீர்கள். மாணவர் வீசாவில் செல்பவர் அங்கே உழைத்துப் பணம் ஈட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. வலைப்பந்தாட்ட அணியை விட்டு இப்போதே விலக வேண்டிய அவசியமும் இல்லை. பாடசாலைப் பருவகாலம் முடிந்த பின், அருகிலுள்ள கழகமொன்றில் சில மாதங்கள் பந்தைத் தட்டிப் பழகிப் பார்க்கட்டும்.